சிறு வருவாயும் நல்லுணவும்: பொதியின் முதுகில் தமிழ் எங்கே?



கூடுவாஞ்சேரித் தொடர்வண்டி நிலையத்திலிருந்து தெற்கே மூன்றாம் நிலையம் மறைமலை நகர். 1916ஆம் ஆண்டில் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகளின் பெயர் தாங்கிய ஊர் அது. அடிகளைச் சொல்லின் தூய்மை காத்த புலவராக அறிந்தோர் பலர். உணவு பற்றி நூல் எழுதிய அறிஞராக அறிந்தோர் சிலரே. ‘பொருந்தும் உணவும் பொருந்தா உணவும்’ அவர் எழுதிய நூல்களுள் ஒன்று. ‘மக்கள் நூறாண்டு உயிர்வாழ்க்கை’ மற்றொன்று. மொழி காக்கப் புறப்பட்டவர் அடுப்படியைப் பற்றி ஏன் எழுத வேண்டும்? உண்பதும் உரைப்பதும் ஒரே நா அன்றோ! அந்நாவில் எது ஏறுகிறது என்று அறியாத இனம், உடலையும் இழக்கும், உரிமையையும் இழக்கும்.

உணவும் மொழியும் இன்று நேருக்கு நேர் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. அதுதான் உணவுப் பொதியின் முதுகுப்புறம். கைப்பேசியைத் தட்டினால் வாயிலுக்கே வந்து சேரும் பொதிகள் பெருகிய இந்நாளில், குறைந்த வருவாயில் குடும்பம் நடத்தும் தமிழர் எதை வாங்குவது, எதை விலக்குவது, எப்படித் தெரிந்துகொள்வது என்பனவே இவ்வுரையின் பொருள்.

முதலில் ஊர்நிலையைக் காண்க. விடியற்காலையில் வண்டியேறிச் சென்னைக்குச் செல்வோரும், மறைமலை நகர்த் தொழிற்சாலைகளில் மாற்றுமுறை வேலை பார்ப்போரும் நிறைந்த ஊர் கூடுவாஞ்சேரி. கணவனும் மனைவியும் இருட்டிய பின்னரே வீடு திரும்பும் குடும்பத்தில், கடைத்தெருவுக்குச் சென்று பொருள் பார்த்து வாங்கப் பொழுது இல்லை. நடக்க இயலாத முதியோருக்கும், கைக்குழந்தையை விட்டு நகர முடியாத தாய்க்கும் கைப்பேசி வாணிகம் ஒரு துணையே. அதனைப் பழிப்பது இங்கு நோக்கம் அன்று. கருவி நல்லது, ஆனால் கருவியின் பிடி யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி.

அண்ணாச்சி கடையில் துவரம்பருப்பு அரைக் கிலோ கேட்டால் துவரம்பருப்பு அரைக் கிலோ வரும். கைப்பேசிச் செயலியிலோ, துவரம்பருப்பைத் தேடுவோர் கண்முன் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் விளம்பரக் காசு கொடுத்தவனின் பொருளே. “இன்னும் இரண்டே எஞ்சியுள்ளன”, “சலுகை பத்து நிமையத்தில் முடிகிறது” என்று விரட்டும் எழுத்துகள். கேளாமலே கூடையில் வந்து விழும் பொருள்கள். கடைசிப் படியில் மட்டும் தலைகாட்டும் கட்டணங்கள்! இவை வெறும் குறைகூறல் அல்ல. நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட நெறிமுறைகள், இத்தகைய மறைமுக ஏய்ப்பு முறைகள் பதின்மூன்றைப் பெயர் சொல்லித் தடை செய்துள்ளன. பொய்யான அவசரம் காட்டுதல், கூடைக்குள் பொருளை நுழைத்தல், வேண்டா என்பாரை நாணச் செய்தல், விலையைச் சிறிது சிறிதாக வெளிப்படுத்தல் ஆகியவை அவற்றுள் அடங்கும். அரசே பட்டியலிட்டுத் தடுக்கும் அளவுக்கு அவை பெருகிவிட்டன என்பதை எண்ணிப் பாருங்கள்.

இவற்றுக்கு எளிய மாற்று ஒன்று உண்டு. செயலியைத் திறப்பதற்கு முன் தாளை எடுக்க வேண்டும். அவ்வாரத்துக்கு வேண்டியவற்றைத் தமிழில் எழுத வேண்டும். அடுத்து, செலவிடக்கூடிய தொகையைத் தலைப்பில் எழுத வேண்டும். பிறகே செயலியைத் திறக்க வேண்டும். பட்டியலில் இல்லாத பொருள் எத்துணை மலிவாயினும் அது செலவே அன்றிச் சேமிப்பு அன்று. கொண்டுவரும் கட்டணம் இல்லை என்பதற்காகக் கூடையை நிரப்பும் பழக்கமும் அத்தகையதே. எடுத்துக்காட்டாக, 140 உருபாவுக்குப் பொருள் தேவைப்படும் ஒருவர், 25 உருபாக் கட்டணத்துக்கு அஞ்சி 60 உருபாவுக்கு வறுவலும் ஈரட்டியும் சேர்த்தால், அவர் மிச்சப்படுத்தியது 25, இழந்தது 60, அதற்கு மேல் உடலுக்கும் கேடு! அக்கம்பக்கத்து வீட்டார் இருவர் மூவர் சேர்ந்து ஒரே கூடையாக அரிசி, பருப்பு வகைகளை வரவழைத்தால் கட்டணமும் இல்லை; தேவையற்ற பண்டமும் இல்லை.

அடுத்தது கணக்கு. பொதியின் விலையைப் பார்ப்போர் பலர். கிலோ விலையைப் பார்ப்போர் சிலர். இருபது கிராம் வறுவல் உறை பத்து உருபா என்றால் பத்து உருபாதானே என்று தோன்றும். அதன் கிலோ விலை 500 உருபா! அதில் பாதி விலைக்கும் குறைவாக ஒரு கிலோ வேர்க்கடலை கிடைக்கும். நூறு கிராம் வேர்க்கடலையில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் உண்டு. வறுவல் உறையில் பெரும்பகுதி மாவும் எண்ணெயும் உப்புமே. ஏழைக்குச் சிறு உறை மலிவு என்பது வணிகர் கட்டிய கதை. கிலோவுக்கோ கிராமுக்கோ விலை இவ்வளவு என்பதைப் பொதியில் குறிக்க வேண்டும் என்று எடை அளவைச் சட்டத்தின் பொதிப்பொருள் விதிகளில் 2021இல் திருத்தம் செய்யப்பட்டது. அவ்வெண்ணைத் தேடிப் பார்ப்பதே முதற் சிக்கனம்.

எழுதும் பட்டியலில் எவை இடம்பெற வேண்டும்? அடித்தளம் பங்கீட்டுக் கடையில் தொடங்கட்டும். தமிழ்நாட்டில் 2011 சூன் முதல் அரிசி விலையின்றி வழங்கப்பட்டு வந்துள்ளது. சிறப்புப் பங்கீட்டில் துவரம்பருப்பு கிலோ 30 உருபாவுக்கும், செம்பனை எண்ணெய் ஓர் இலிட்டர் 25 உருபாவுக்கும் பல ஆண்டுகளாகக் கொடுக்கப்பட்டு வந்துள்ளன. இப்பருப்பை வாங்காமல் விட்டுவிட்டுச் செயலியில் பல மடங்கு விலைக்குப் பருப்பு வாங்குவது அறியாமை. அங்கு மிச்சமாகும் காசைக் கீரைக்கும் காய்க்கும் பயறுக்கும் திருப்புவதே அறிவுடைமை.

பச்சைப்பயறு, கொள்ளு, காராமணி, மொச்சை, கொண்டைக்கடலை ஆகியவை உலர்ந்த நிலையில் கெடாதவை. மொத்தமாக வாங்கி வைக்கத் தக்கவை. நூறு கிராம் பயற்றில் ஏறத்தாழ 20 முதல் 24 கிராம் வரை புரதம் உள்ளது. இரவில் ஊறவைத்துக் காலையில் வேகவைத்தால் சுண்டல். முளைகட்டினால் இன்னும் நன்று. மாலையில் பள்ளியிலிருந்து பசியோடு வரும் குழந்தைக்கு நூடுல்சுக்கு மாற்றாக இதனைக் கொடுக்கலாம். கேழ்வரகு நூறு கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் எனும் சுண்ணக ஊட்டம் உள்ளது. தீட்டிய வெள்ளரிசியில் அது மிகமிகச் சிறிதளவே. கூழ் என்று இகழப்பட்ட கேழ்வரகு, பளபளக்கும் உறையில் அயற்பெயர் சூடி வந்தால் மட்டும் உயர்ந்ததாகிவிடுமா? உறையில்லாத கேழ்வரகை வாங்கி, ஊரிலுள்ள மாவுப்பொறியில் அரைத்துக்கொள்வதே மலிவும் நலமும் ஆகும்.

கீரையும் காயும் கைப்பேசியில் வாங்கத் தக்கவை அல்ல. கையில் எடுத்துப் பார்த்து வாங்கத் தக்கவை. தெருவில் கூவி வரும் கீரைக்கார அம்மையாரிடமோ, 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கித் தமிழகமெங்கும் பரவிய உழவர் சந்தைகளிலோ வாங்கும் கட்டுக் கீரைக்கு உறையும் இல்லை, ஒட்டுத்தாளும் இல்லை. வீட்டுப் பின்புறத்து முருங்கை மரத்துக்கோ விலையே இல்லை. புலால் உண்ணும் குடும்பத்தார்க்கு முட்டையும், மாமல்லபுரக் கடற்கரையில் கரைசேரும் நெத்திலி, மத்தி போன்ற சிறுமீன்களும் உண்டு. வஞ்சிரத்தின் விலை கேட்டு மலைக்க வேண்டியதில்லை. முள்ளோடு மென்று உண்ணத்தக்க நெத்திலி, சுண்ணக ஊட்டமும் சேர்த்துத் தரும்.

இத்துணையும் ஏன் வலியுறுத்த வேண்டும்? 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாம் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 அகவை வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினர் மிகை எடை உடையோர். அதே அகவைப் பெண்களில் 53.4 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையோர். ஒரே வீட்டில், சில வேளை ஒரே உடலில், மிகையும் குறையும் சேர்ந்தே குடியிருக்கின்றன! வயிறு நிறைகிறது, குருதி வறள்கிறது. வாங்கும் உணவின் அளவு போதாமையால் மட்டும் வந்த நோய் அன்று இது. வாங்கும் உணவின் தன்மையால் வந்த நோய். திருக்குறளில் ‘மருந்து’ எனும் 95ஆம் அதிகாரத்தின் பெரும்பகுதி மருந்தைப் பற்றிப் பேசாமல் உணவின் அளவையும் ஒப்பையும் பற்றியே பேசுவதன் பொருளை இங்கு உணர்க.

இனி, முதுகுப்புறத்துக்கு வருவோரே உண்மையைக் காண்பர். பொதியின் முகப்பில் இருப்பது விளம்பரம்; முதுகில் இருப்பதே வாக்குமூலம். முகப்பில் ‘உடல்நலக் குடிப்பு’ என்று பெயர் சூட்டி விற்ற மாவுகளின் கதையைக் கேளுங்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வகையே வரையறுக்கப்படவில்லை. 2024 ஏப்பிரலில் நடுவண் வணிகத்துறை, இணையக் கடைகள் அத்தகைய குடிப்புகளை ‘உடல்நலக் குடிப்பு’ என்னும் பிரிவிலிருந்து நீக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. அதுவரை எத்தனை தாய்மார், தம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, குழந்தை வளரும் என்று நம்பி அவற்றை வாங்கியிருப்பர்! பெயரை நீக்குவதற்கு ஓர் அறிவுறுத்தல் போதும். கொடுத்த காசை யார் திருப்பிக் கொடுப்பார்?

எனவே, எந்தத் தாயும் முதுகுப்புறத்தில் பார்க்க வேண்டியவை நான்கு.

ஒன்று, சேர்பொருள் பட்டியல். எடையில் மிகுந்தது முதலிலும் குறைந்தது இறுதியிலும் வரும் வகையில் அதனை எழுத வேண்டும் என்பது விதி. ‘தினை ஈரட்டி’ என்று பெயர் இருக்கும். பட்டியலில் முதலிடம் கோதுமை மைதாவுக்கும் இரண்டாமிடம் சர்க்கரைக்கும் இருந்தால் அது மைதா ஈரட்டியே. பெயரில் உயர்த்திக் காட்டிய பொருள் எத்தனை விழுக்காடு என்பதையும் குறிக்க வேண்டும். அவ்வெண் சிறிதாயின் பெயர் பொய்.

இரண்டு, சர்க்கரை. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை ஏறத்தாழ 4 கிராம். நூறு கிராமில் 32 கிராம் சர்க்கரை என்று அச்சிட்டிருந்தால் அது எட்டுத் தேக்கரண்டி என்று கணக்கிடலாம். குளுக்கோசுப் பாகு, மால்ட்டோடெக்சுட்ரின் போன்ற பெயர்களில் வருவனவும் சர்க்கரையின் உறவினர்களே.

மூன்று, உப்பு. பொதியில் ‘உப்பு’ என்று இராது. ‘சோடியம்’ என்று இருக்கும். அந்த எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைந்த உப்பே போதும் என்கிறது உலக நல அமைப்பு. 800 மில்லிகிராம் சோடியம் கொண்ட ஓர் உறையில் 2 கிராம் உப்பு இருக்கிறது. ஒரு நாள் அளவில் ஐந்தில் இரண்டு பங்கு ஒரே கிண்ணத்தில் தீர்ந்தது!

நான்கு, காலக்கெடு. இணைய வணிகர் கொண்டுவந்து கொடுக்கும் வேளையில், பொருளின் பயன்பாட்டுக் காலத்தில் 30 விழுக்காடோ 45 நாளோ எஞ்சியிருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் அறிவுறுத்தியுள்ளது. வாயிலிலேயே நாளைப் பார்த்து வாங்க வேண்டும். ஏமாற்றப்பட்டோர் 1915 என்னும் நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

நன்று, நான்கும் நல்ல அறிவுரைகளே. ஆனால் கூடுவாஞ்சேரியில் தமிழ்வழிப் பள்ளியில் படித்த தாய் ஒருவர் இந்நான்கையும் எப்படிப் படிப்பார்? இங்கேதான் முள் தைக்கிறது. 2020ஆம் ஆண்டின் உணவு ஒட்டுத்தாள் விதிகளின்படி, பொதியின் மேல் கட்டாயமாகக் குறிக்க வேண்டிய விளத்தங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தால் போதும். வேறு மொழியையும் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். சேர்க்க வேண்டும் என்பதில்லை! எடை அளவைத் துறையின் 2011ஆம் ஆண்டு விதிகளும் இவ்வாறே கூறுகின்றன. தமிழ்நாட்டில் விளைந்து, தமிழ்நாட்டில் பொதிந்து, தமிழ்நாட்டில் விற்று, தமிழர் உண்ணும் பொருளில் தமிழ் ஓர் எழுத்தும் இல்லாமல் இருக்கலாம். சட்டம் அதனைக் குற்றம் என்னாது. அண்மைக் காலமாகச் செயலிகள் சில தமிழ் முகப்புத் தருகின்றன. ஆயினும் வாங்கத் தூண்டும் எழுத்து தமிழில். எச்சரிக்கும் எழுத்து ஆங்கிலத்தில் என்றால், அது தமிழுக்குச் செய்யும் தொண்டா, தமிழனுக்கு வைக்கும் வலையா?

2023 மார்ச்சில் நடந்ததை நாடறியும். தயிர் உறையில் ‘தகி’ என்னும் இந்திச் சொல்லை எழுதி, அந்தந்த மாநிலச் சொல்லை அடைப்புக்குள் இட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் கூறியது. தமிழ்நாட்டு ஆவின் அதனை ஏற்க மறுத்தது, தமிழக முதல்வர் கண்டித்தார், மக்கள் கொதித்தனர். மார்ச்சு 30 அன்று ஆணையம் தன் ஆணையைத் திருத்தியது. ஆங்கிலத்தில் ‘கர்டு’ என்று எழுதி அடைப்புக்குள் ‘தயிர்’ எனக் குறிக்கலாம் என்றது. வெற்றிதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் வென்ற பின்னும் தயிர் அடைப்புக்குறிக்குள்ளேதானே இருந்தது! பெயருக்காக எழுந்த அதே எழுச்சி, சேர்பொருள் பட்டியலுக்காகவும் எழ வேண்டும். தயிர் என்று எழுதாவிட்டாலும் தமிழன் தயிரை அறிவான். உறைக்குள் ஒளிந்த உப்பையும் சர்க்கரையையும் எழுதாவிட்டால் அறியமாட்டான். முன்னது மானத்தைத் தொடுவது. பின்னது உயிரையே தொடுவது.

பிற நாடுகள் என்ன செய்தன? தென்னமெரிக்காவின் சிலி நாடு, சர்க்கரை, உப்பு, கொழுப்பு, ஆற்றல் ஆகியவை மிகுந்த பொதிகளின் முகப்பிலேயே கறுப்பு எண்கோண முத்திரை இட வேண்டும் என்னும் சட்டத்தை 2016 சூனில் நடைமுறைப்படுத்தியது. அதில் உள்ள சொல், அந்நாட்டு மக்கள் பேசும் இசுப்பானியச் சொல். இலங்கை 2016 ஆகத்து முதல் இனிப்புக் குடிநீர்களுக்குச் சர்க்கரை அளவின்படி சிவப்பு, மஞ்சள், பச்சை என நிறக்குறி இட்டது. எழுத்தறியாதவரும் நிறத்தை அறிவர் அன்றோ! மக்கள் நலம் கருதுவோர் மக்களுக்குப் புரியும் குறியில் பேசுவர். புரியாத குறியில் பேசுவோர் நலம் கருதுவது வேறு யாருக்கோ!

தமிழைத் துணையாகக் கொண்டால் வாங்குவதிலும் தெளிவு பிறக்கும். ஆங்கிலத்தில் ‘மில்லட்டு’ என்னும் ஒரே சொல், பலவகைத் தவசங்களை ஒரு மூட்டையில் கட்டுகிறது. தமிழுக்கோ வரகு வேறு, சாமை வேறு, தினை வேறு, குதிரைவாலி வேறு, கம்பு வேறு, கேழ்வரகு வேறு. எது சோறாகும், எது கூழாகும், எது களியாகும் என்பதை அப்பெயர்களோடு சேர்த்தே பாட்டிமார் கற்றுக்கொடுத்தனர். பெயர் மறந்தால் சமையலும் மறக்கும். சமையல் மறந்தால் உறைப்பண்டமே கதியாகும். சொல்லைக் காப்பது வெறும் புலவர் வேலை அன்று. சோற்றைக் காக்கும் வேலையும் ஆகும்.

ஆகவே, செய்யத்தக்கவை இவை. இல்லந்தோறும் வாரப் பட்டியல் தமிழில் எழுதப்படட்டும். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த மகனும் மகளும், வந்த பொதியின் முதுகை அன்னைக்கும் பாட்டிக்கும் தமிழில் படித்துக் காட்டட்டும். இது பள்ளிப் பாடத்தினும் சிறந்த பாடம். ஊர்தோறும் உள்ள தமிழ் மன்றங்கள், சேர்பொருள் பெயர்களுக்குத் தமிழ் விளக்கம் எழுதிய ஒரு தாள் அச்சிட்டு வீடுகளுக்குக் கொடுக்கட்டும். தமிழ்நாட்டு மாவு, மசாலை, எண்ணெய் ஆக்குவோர், சட்டம் வற்புறுத்தும்வரை காத்திராமல் முதுகுப்புறத்தையும் தமிழில் அச்சிடட்டும். கூடுதல் மொழியைச் சட்டம் தடுக்கவில்லை. கடைக்காரரிடமும் செயலியின் குறைகேட்பிலும் “தமிழில் எங்கே?” என்று ஒவ்வொருவரும் கேட்கட்டும். தமிழ்நாட்டில் விற்கும் உணவுப் பொதிகளில் தமிழ் கட்டாயம் எனும் திருத்தத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் எழுத்தால் வேண்டுவோர் ஆயிரவராகப் பெருகட்டும்.

பெரியோரே! தாய்மாரே! செல்வர்க்குத் தவறான உணவு நோயைத் தரும். ஏழைக்கோ நோயையும் கடனையும் சேர்த்தே தரும். வருவாய் சிறிதாக இருப்பது குற்றம் அன்று. அச்சிறு வருவாயைப் படிக்க முடியாத எழுத்துக்குக் கப்பமாகக் கட்டுவதே கொடுமை. உழைப்பவர் காசு உண்மையான உணவுக்குச் செல்லட்டும். உண்ணும் பொருள் இன்னதென்று உண்பவர் மொழியில் எழுதப்படட்டும்.

வாழ்க தமிழர் உடல்நலம்! வெல்க தமிழ்!